மூன்று எண்ணினால் விழும் ரவுட்டர்

எங்கள் ஊரில் இன்டர்நெட் நின்றுபோனால் யாரும் திட்டமாட்டார்கள். கேபிள்காரருக்குப் போன் போட்டு, அவரோடு சேர்ந்து மூன்று வரைக்கும் எண்ணுவார்கள். தென்னந்தோப்புக்காரரும் எண்ணுவார், பி.எட். முடித்த டீச்சரும் எண்ணுவார், வில்லேஜ் ஆபீசில் வேலை பார்க்கிற மலையாளி சாரும் தமிழில் எண்ணுவார். முட்டாள்தனத்தைக்கூட நான் எப்படியாவது பொறுத்துக்கொள்வேன். தாளம் போட்டுச் செய்கிற முட்டாள்தனத்தைத்தான் சகிக்க முடியாது.

"மோடத்துக்குப் பின்னால சுச்சு இருக்குதுங்களா? அதும்மேல வெரல வெச்சுக்கோங்க. நான் இங்க மவுசுல வெரல வெச்சுக்கறேன். மூணுன்னு சொல்றப்ப நீங்க அமத்தோணும், நான் இங்க வெட்டோணும். முன்னப் பின்ன ஆகப்படாது. ஆச்சுங்களா? ஒண்ணு... ரெண்டு..."

இதுதான் அவருடைய மொத்தத் தொழில்நுட்பம். கேரள எல்லையோரம் வடகரப்பதிப் பக்கத்தில் எங்கள் ஊரையும் சேர்த்துச் சுற்று வட்டாரம் முழுக்க அவர் இழுத்த கம்பிதான். கேபிள் டிவிக்கு முன்னால் அவர் போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்த்தவர். இந்த எண்ணிக்கை அங்கிருந்து வந்தது. எங்கள் பக்கம் போர் ஒரு மூலையில் இருக்கும், தண்ணீர் திறக்கிற வால்வு விவசாயக் காட்டின் மறுகோடியில் இருக்கும். பைப்பில் காற்று அடைத்துக்கொண்டால் ஸ்டார்ட்டர் பெட்டியிடம் ஒருத்தர், வால்விடம் ஒருத்தர் நின்று, காடே அதிர எண்ணி, ஒரே சமயத்தில் இவர் மோட்டாரைப் போட அவர் வால்வைத் திறப்பார். தப்பினால் பைப் பிய்த்துக்கொள்ளும். பைப்புக்கு அது சரி. அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து இன்டர்நெட் போகிற கண்ணாடி இழைக்கும் மாட்டிவிட்டார். கேட்டால், "லைன்ல காத்து அடைச்சுக்குதுங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணாத் தொறந்தாத்தான் போவும்" என்பார். வெளிச்சம் போகிற கம்பியில் காற்று அடைக்குமாம். கேட்டுக்கொண்டிருப்பவர்களும் ஆமாமாம் என்று தலையாட்டுவார்கள், எல்லோரும் பைப்பில் காற்றுப் பிடித்துக் கஷ்டப்பட்டவர்கள்தானே.

அவர் எப்படியோ எண்ணிவிட்டுப் போகட்டும் என்று நான் விட்டிருப்பேன். அக்காவால்தான் விட முடியவில்லை.

அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள். கொச்சியில் ஒரு கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரிகளுக்கு வரும் போன்களை எடுத்து, தமிழிலும் மலையாளத்திலும் பேசி, டாக்டர்களிடம் நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். மச்சான் துபாயில். லீவு முடிந்ததும் வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் செய்கிறேன் என்று கெஞ்சிக் கேட்டாள், கம்பெனியும் பார்க்கலாம் என்றது. லைன் விழக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. லைன் விழுந்தது. சுகர் கூடிப்போன யாரோ ஒரு பெரியவர் மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருக்க, இங்கே அக்கா ஹெட்செட்டோடு பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் தடவையும் விழுந்த பிறகு அவளுடைய மேடம் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை தானே லைனில் உட்கார்ந்து கேட்கப்போவதாகச் சொன்னார். அன்றைக்கும் விழுந்தால் திங்கட்கிழமை கொச்சிக்கு வந்து சீட்டில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். கத்தவெல்லாம் இல்லை. நல்ல தன்மையாகவே சொன்னார்.

குழந்தை அப்போது தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில் வைக்காது. கொச்சி ஹாஸ்டலில் குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள். வேலையை விட்டால் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அந்த அம்மாள் காத்துக்கொண்டிருந்தது. அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளை எப்போதோ தூங்கியிருந்தது.

அப்பா சொன்னார்: "கேபிள்காரருகிட்ட ஒரு வார்த்த சொல்லி வெய்யுங்க. அனுபவசாலி. பாத்துக்குவாரு."

அனுபவசாலி. இந்த வார்த்தையை எங்கள் ஊரில் வெற்றிலை மாதிரி ஆளாளுக்குக் கொடுப்பார்கள். ஒரே தப்பை நிறைய வருசம் செய்தவருக்கு வேறு என்ன பேர் வைப்பது.

சண்டை போடலாம் என்றுதான் அவர் ஆபீசுக்குப் போனேன். ஆபீஸ் என்பது உரக்கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பேட்டரி வரிசை, இரும்பு ஸ்டாண்டில் ஒரு பெட்டி. வட்டாரத்திலுள்ள எல்லா வீட்டு மோடமும் வந்து சேர்கிற ரவுட்டர் அந்தப் பெட்டிதான். ஜன்னல் வழியாக யூரியா வாசம் வரும். நான் வாயைத் திறக்குமுன் அவருக்குப் போன் வந்தது. பால் சொசைட்டிக்காரர் வீட்டில் லைன் மெதுவாக இருக்கிறதாம். எண்ணினார். "மூணு!" என்றார். பெட்டியின் விளக்குகள் மொத்தமும் அணைந்தன. ஒரு வினாடி கழித்து ஓரத்தில் ஒற்றைச் சிவப்பு மட்டும் எரிந்தது. பெட்டி செத்து, முதலிலிருந்து எழுந்திருக்கத் தொடங்கியது. அந்த நேரத்துக்கு வட்டாரத்தில் ஒரு வீட்டிலும் இன்டர்நெட் கிடையாது.

"பாத்தீங்ளா அம்மிணி, கரண்டு லச்சணத்த," என்றார்.

தலைக்குமேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஃபேனைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அது வேற பேஸ் கரண்டு," என்றார்.

பெட்டி பேட்டரியில் ஓடுகிறது என்பதை அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. ஆடிக் காற்றில் கம்பி உரசி ஊர் முழுக்கக் கரண்டு போகும்போதுகூட அந்தப் பெட்டி அசைந்ததில்லை. வீட்டு மோடம் எல்லாம் ஒரே மூச்சில் சாகும், பெட்டி அலுங்காமல் நிற்கும். ஒரே ஒரு பால் சொசைட்டிக்காரர் சுவிட்சை அணைத்தால் விழுகிறது. இது கரண்டு இல்லை என்று கண்டுபிடிக்க எஞ்சினியரிங் படிக்க வேண்டாம், ஐந்தாம் வகுப்புப் போதும்.

அடுத்த சில நாள் மத்தியானங்களில் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். அவர் எண்ணும்போதெல்லாம் விழவில்லை. பல தடவை எண்ணினால் ஒரு தடவை விழும். விழுந்த ஒவ்வொரு தடவையும் பெட்டி தன் வயிற்றுக்குள் எழுதி வைத்திருந்த கடைசி வரிகள் ஒரே மாதிரி இருந்தன: பட்டியலிலிருந்து இந்த வீட்டை எடுத்துவிட்டேன், இந்த வீட்டை எடுத்துவிட்டேன். ஒரே வீடு, இரண்டு தடவை. அதற்குப் பிறகு எழுத ஆளில்லை.

புரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. காலேஜில் கம்ப்யூட்டர் படித்தபோது பெயர் மட்டும் கேட்டிருந்த ஒரு பிழை, உரக்கடை மாடியில் சிவப்பு விளக்கோடு உட்கார்ந்திருந்தது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் பேப்பர் விரித்து, அதன்மேல் இலை. இலை எடுக்க இரண்டு ஆள். தூணோரத்து ஆள் சாப்பிட்டாயிற்று, இலையை எடு என்று இருவருக்கும் இரண்டு பக்கமிருந்து ஒரே நேரத்தில் உத்தரவு வருகிறது. முதல் ஆள் எட்டிப் பார்க்கிறான், இலை இருக்கிறது. இரண்டாம் ஆளும் எட்டிப் பார்க்கிறான், இலை இன்னும் இருக்கிறது. முதல் ஆள் எடுத்துவிடுகிறான். இரண்டாம் ஆள், தான் பார்த்தபோது இருந்ததே என்ற நம்பிக்கையில், மறுபடி பார்க்காமல் அதே இடத்தில் கையை விட்டு இழுக்கிறான். கையோடு வருவது விரிப்புப் பேப்பர். ரசமும் பாயசமும் பந்தி மொத்தத்தின் மடியிலும்.

மோடத்தின் சுவிட்சை அணைக்கிற கணத்தில், அது தனக்குள் மிச்சமிருக்கும் துளி மின்சாரத்தில் "நான் போகிறேன்" என்று ஒரு கடைசிச் செய்தி அனுப்பும். அது முதல் உத்தரவு. கேபிள்காரர் திரையில் "வெட்டு" என்ற பட்டனை அமுக்குவது இரண்டாம் உத்தரவு. இரண்டும் ஒரே வீட்டை அழிக்கச் சொல்கிறவை. பெட்டி ஒரு சோம்பேறி, ஒரு வீட்டை அழிக்க அரை மூச்சு நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த அரை மூச்சுக்குள் இரண்டு உத்தரவும் வந்தால் காலியான இடத்தை இன்னொரு தரம் காலி பண்ணி, தன் குடலைத் தானே உருவிக்கொண்டு விழும். எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிற இந்த மாதிரிப் பிழைக்கு ரேஸ் கண்டிஷன் என்று பேர். உலகம் முழுக்க இது எப்போதாவது, யாருக்காவது, தற்செயலாக நடக்கும். ஒரு வட்டாரமே பயிற்சி எடுத்து, போனில் எண்ணி, முன்னப் பின்ன ஆகாமல் நடத்திக் காட்டுவது இங்கேதான்.

அவரிடம் சொன்னேன். பந்தியையும் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எலை எடுக்கறதுக்கு ரெண்டாளு போனா சோலி வெரசா முடியுமல்லோ அம்மிணி?" என்றார்.

"முடியாதுங்க. பேப்பரையும் சேத்து இழுத்துருவாங்க."

"அப்படி இழுக்கறவனக் கல்யாணத்துக்கு எதுக்குக் கூப்புடறீங்க?"

அங்கே உட்கார்ந்திருந்த உரக்கடை முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த மாதிரிச் சிரிப்புக்குப் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது.

"நீங்க மொதல்ல அவங்கள அணைக்கச் சொல்லுங்க. கொஞ்சம் பொறுத்து, இங்க அந்த ஊடு இன்னும் இருக்குதான்னு பாத்துட்டு வெட்டுங்க. அவ்வளவுதான். பாதி நேரம் வெட்டவே வேண்டியிருக்காது."

"கொஞ்சம் பொறுத்துன்னா எவ்வளவு?"

"ஒரு பத்து வினாடி."

"பத்து வரைக்கும் எண்ணச் சொல்றீங்க." முகம் மலர்ந்தது. "அப்ப எண்ணறது சரிதானுங்களே? எவ்வளவு எண்ணறதுங்கறதுதான் நம்முளுக்குள்ள தகராறு."

அவருடைய வெட்டு பட்டன் இருக்கும் வெப் பக்கம், அவர் மச்சினன் மகன் யாரோ எழுதிக் கொடுத்தது. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது, போனிலும் அதையே திறந்து வைத்திருந்தார். அதில் நாலு வரி சேர்த்தால் போதும், பட்டனை அமுக்கினாலும் அது சற்று நின்று, பார்த்து, வீடு இன்னும் இருந்தால் மட்டும் வெட்டும். எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். தொட விடவில்லை. "ஓடற மோட்டார்ல கை வெக்கப்படாது," என்றார்.

சரி, செய்தவனிடமே கேட்போம் என்று பெட்டியைத் தயாரித்த கம்பெனிக்கு எழுதினேன். எப்படி விழுகிறது, எப்போது விழுகிறது, கடைசி வரிகள், எல்லாம். இன்னொன்றும் எழுதினேன், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. வாடிக்கையாளர்கள் தங்கள் இணைப்பைத் தாங்களே துண்டித்துக்கொள்ள அந்தப் பெட்டி ஒரு வெப் பக்கம் கொடுக்கிறது. எவனோ ஒருவன் தன் வீட்டில் உட்கார்ந்து ஒரு கையால் அந்தப் பக்கத்தில் அமுக்கி, மறு கையால் மோடத்தை அணைத்தால் போதும், வட்டாரமே இருளும். பாஸ்வேர்டு திருட வேண்டாம், பூட்டு உடைக்க வேண்டாம். இரண்டு கை இருந்தால் போதும். இது சின்னக் கோளாறு இல்லை, ஓட்டை.

பதில் வந்தது. இது எதிர்பார்க்கப்படும் நடத்தைதான், இரண்டு செயல்களையும் ஒரே நேரத்தில் செய்வதைத் தவிர்க்கவும், தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. விழுந்து சாவதை எதிர்பார்த்தே ஒரு பெட்டியைச் செய்து விற்கிறார்கள், எதிர்பார்த்தோம் என்று எழுதவும் கை கூசவில்லை. விடாமல் கொச்சியில் இருக்கும் அவர்களுடைய ஆளுக்குப் போன் போட்டேன். குரலிலேயே டை கட்டியிருந்தார்.

"மோளே, இது ஃபீல்டில் யாரும் கம்ப்ளெயின்ட் பறைஞ்சிட்டில்ல."

"நான் பண்றனே, சார்."

"மோள் ஏது கம்பெனி?"

"எந்தக் கம்பெனியும் இல்ல."

"அப்போ எங்கனே கம்ப்ளெயின்ட் எடுக்கும்?" என்று கேட்டார், அப்புறம் எப்படிப் பதிவது என்று உண்மையிலேயே வருத்தத்தோடு. சொல்வது யார் என்று தெரியாமல், சொன்னது உண்மையா என்று அவர்களுக்குப் பார்க்க வராது. உரக்கடை மாடியிலிருப்பவராவது ஏழு ஊருக்குக் கம்பி இழுத்திருக்கிறார். இந்த ஆள் எதை இழுத்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. எனக்கு ஒரே ஒரு அதிர்ஷ்டம், அன்றைக்கு முகூர்த்த நாள். கேபிள்காரருக்குப் பொள்ளாச்சியில் சொந்தத்தில் கல்யாணம். ஆபீசை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதும் சந்தேகமே படாமல் சாவியைக் கொடுத்தார். "வெட்டறதுன்னா மட்டும் எனக்குப் போன் போடச் சொல்லிருங்க. நீங்க பச்சப் புள்ள, கை பதறும்," என்று சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டியில் கால் சிக்காமல் பைக்கில் ஏறிப் போனார்.

காலையில் அக்கா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளை அம்மாவிடம். நான் மாடியில் பெட்டிக்கு எதிரே.

ஆபீஸ் போனுக்கு அழைப்புகள் வந்தன. அணையுங்கள், கொஞ்சம் பொறுங்கள், போடுங்கள் என்றேன். எல்லோருக்கும் சரியானது. சரியானதில் ஒருவருக்கும் சந்தோஷமில்லை. "எண்ணலீங்களா?" என்று டீச்சர் கேட்டார், சாமிக்குச் சூடம் காட்டாமல் விட்டுவிட்ட மாதிரி. "வேண்டாங்க டீச்சர், வந்துருச்சல்ல?" என்றேன். "வந்துருச்சு. ஆனா நிக்குமா?" என்றார். இவர் பிள்ளைகளுக்கு சயன்ஸ் எடுக்கிறார்.

மத்தியானம் தென்னந்தோப்புக்காரர் கூப்பிட்டார். அவருக்குக் கிரிக்கெட் பார்க்க வேண்டும், படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"மாமா, சுச்ச அணைங்க. அணைச்சுட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்து போடுங்க."

"எண்ணு."

"எண்ண வேண்டியதில்லீங்க மாமா."

"ஏன், தெரியாதா?" பக்கத்தில் யாரிடமோ, "மூணு வரைக்கும் எண்ணத் தெரியாத புள்ளயக் கொண்டாந்து ஒக்கார வெச்சிருக்கறான் பாரு. காலேசுக்கு வேற போச்சாமா," என்றார். போனை மூடாமலே சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்றுதான். பிறகு என்னிடம், "நீ வெய்யி. நான் அவங்கிட்டயே பேசிக்கறேன்."

வைத்துவிட்டார்.

அவர் பொள்ளாச்சிக்குப் போன் போடுவார். பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் கேபிள்காரர் எடுப்பார், எடுத்து எண்ணுவார், போனிலிருந்து வெட்டுவார். பெட்டி விழலாம், விழாமலும் இருக்கலாம். அக்கா அந்த நேரம் யாரோ ஒருவருடைய முழங்காலுக்கு நேரம் குறித்துக்கொண்டிருப்பாள், மேடம் கேட்டுக்கொண்டிருப்பார். கேபிள்காரரைக் கூப்பிட்டேன், எண் பிஸி. தோப்புக்காரரைக் கூப்பிட்டேன், அதுவும் பிஸி. ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நலம் விசாரிப்பார்கள், பொண்ணு எந்த ஊர் என்று கேட்பார்கள், சாப்பாடு எப்படி என்பார்கள். எங்கள் ஊரில் இதையெல்லாம் கேட்காமல் காரியத்துக்கு வரமாட்டார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த வழவழப் பேச்சுக்கு நான் நன்றி சொன்னேன்.

என் நாலு வரியை எடுத்து வெட்டுப் பக்கத்தில் சொருகினேன். கை பதறத்தான் செய்தது, அவர் சொன்னது அந்த ஒன்று மட்டும் சரி. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போய், திரை சிவப்பாகத் திட்டியது. போட்டேன். சேமித்தேன். பக்கம் புதிதாக எழுந்த அதே நிமிடத்தில் தோப்புக்காரர் வீடு திரையில் மங்கியது. சுவிட்சை அணைத்துவிட்டார். கூடவே பொள்ளாச்சியிலிருந்து வெட்டு வந்து, என் நாலு வரியில் மோதி நின்றது. பெட்டி தன் வழக்கப்படி சாவதானமாகத் தோப்புக்காரரை அழித்தது. பத்து வினாடி கழித்து வெட்டு எட்டிப் பார்த்தது. அங்கே வெட்ட எதுவுமில்லை. திரும்பிப் போய்விட்டது.

விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எல்லாமே பச்சை.

சற்று நேரத்தில் தோப்புக்காரர் மறுபடி போட்டார். வெற்றி பெற்றவர்களுக்கே உரிய பெருந்தன்மை குரலில் இருந்தது. "பாத்தியா கண்ணு, எண்ணுனவுடனே டக்குனு வந்துருச்சு. அவங்கிட்டக் கத்துக்க. உனக்கும் நாளைக்கு ஒதவும்."

"சரீங்க மாமா," என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் பணிவு மாதிரிக் கேட்டிருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அக்கா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹெட்செட் இன்னும் கழுத்தில் தொங்கியது. "மேடம் சரின்னுட்டாங்க," என்றாள். "மாசாமாசம் பாப்பாங்களாம். லைன் நிக்கற வரைக்கும் இங்கயே இருந்துக்கலாமாம்." அழுதுவிட்டுத் துடைத்த முகம். அப்பா பக்கத்தில் நின்று, "நான்தான் சொன்னேனே, அவரு பாத்துக்குவாருன்னு," என்றார். கல்யாண வீட்டிலிருந்துகூட எடுத்து எண்ணிக் கொடுத்த செய்தி அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

நாலு வரியை நான் எடுக்கவில்லை, சொல்லவும் இல்லை. சொன்னால் கேபிள்காரர் அந்த நிமிடமே பிடுங்கிப் போடுவார். அக்காவின் வேலை அதில் தொங்குகிறது. விளைவு, இதற்குப் பிறகு அவர் எண்ணினால் பெட்டி விழுவதே இல்லை. ஒவ்வொரு எண்ணிக்கையும் பலித்தது. ஊருக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கை பக்தியாகவே ஆகிவிட்டது. அதற்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தது நான்.

பெயர் பரவி, மேற்கே அடுத்த பஞ்சாயத்தின் கேபிள்காரர் ஒருநாள் வந்தார். அவரிடமும் இதே பெட்டி. அவருக்கும் அடிக்கடி விழுகிறதாம், இவருக்கு மட்டும் எப்படி விழுவதில்லை என்று பார்த்துப் போக வந்திருந்தார். நான் அப்போது பாதி நாள் அந்த மாடியில்தான் இருந்தேன், மோட்டார் பக்கத்தில் காவல் இருப்பதுபோல. டீ வந்தது. எங்கள் ஆள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, நல்ல தெம்பில், எண்ணிக்கையின் நுட்பங்களை விளக்கினார். விருந்தாளிக்குக் காட்டுவதற்காகவே டீச்சருக்குப் போன் போட்டு, அவருக்கு லைனில் ஒரு குறையும் இல்லாதபோதே அணைக்கச் சொன்னார்.

அவர் போனிலிருந்தே வெட்டத் தயாராக இருந்தார், மவுஸ் என் கையில் இருந்தது. அந்தப் பக்கமும் திறந்தே இருந்தது. நாலு வரியைத் தேர்ந்தெடுத்து அழிக்க ஒரு வினாடி போதும். அடுத்த "மூணு"க்கு, இல்லாவிட்டால் அதற்கடுத்த "மூணு"க்கு, விருந்தாளியின் கண் முன்னாலேயே பெட்டி விழும். உரக்கடை முதலாளி இருந்தார், அவரும் பார்ப்பார். அந்தச் சிரிப்பை ஒரு தடவை பாதியில் நிறுத்திப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. விரல் போய் அந்த வரிகளின்மேல் நின்றது. நீல நிறத்தில் அவை தேர்வாகியும்விட்டன.

அக்கா அந்த நேரம் லைனில் இருந்தாள்.

கையை எடுத்துக்கொண்டேன். "மூணு!" என்றார். டீச்சர் வீடு அணைந்தது, பெட்டி விழாமல் நின்றது. விருந்தாளி கையெடுத்துக் கும்பிடாத குறை. கீழே இறங்குமுன் அவரைப் படியில் மடக்கி, எண்ணாதீர்கள், அதுதான் விழவைக்கிறது என்றேன். அவர் என்னையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "அவருக்கு விழுகலையே?" என்றார். பதில் என்னிடம் இருந்தது. சொல்ல முடியாத பதில்.

நாலைந்து நாள் கழித்து அந்த விருந்தாளியிடமிருந்து போன். முன்னைவிட மோசமாக விழுகிறதாம், எண்ண எண்ண விழுகிறதாம். எங்கள் ஆள் கண்ணை மூடிக் கேட்டார், ஆஸ்பத்திரியில் நாடி பார்க்கிற மாதிரி.

"நீங்க மூணுங்கறத இழுக்கறீங்க. மூஊஊணுன்னு இழுக்கப்படாது. மூணு. வெட்டுனாப்புல சொல்லோணும்." மறுமுனை ஏதோ சொன்னது. அலுத்துப்போய்ப் போனை என்னிடம் நீட்டினார். "இந்தாங்க அம்மிணி, நீங்களே சொல்லுங்க. கூடவே இருந்து பாத்தவங்க. எப்படி எண்ணோணும்னு சொல்லிக் குடுங்க."

வாங்கினேன். "எண்ணவே எண்ணாதீங்க," என்றேன். "அவங்க மொதல்ல அணைக்கட்டும். நீங்க நல்லாப் பொறுத்து, அந்த ஊடு இன்னும் திரையில இருந்தா மட்டும் வெட்டுங்க. ஒண்ணாச் செய்யாதீங்க. அதான் விழுகுது."

 

"அம்மிணி," என்றார் மறுமுனையில் இருந்தவர், கோபமே இல்லாமல், "போனை அவருகிட்டயே குடுங்க."

கொடுத்தேன்.